வைரஸுக்கு விசா படிக்கத் தெரியுமா?

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயோட வந்து உக்காந்தா உத்தமம்.

எங்க திண்டுக்கல் பக்கம் வெளிநாட்டுல இருக்கறவங்க எல்லாருக்கும் ஒரே பேருதான். "ஃபாரின்ல இருக்கான்." நத்தம் பையன் சிங்கப்பூர்ல கட்டட வேலை பாத்தாலும் ஃபாரின்தான். பேகம்பூர் அண்ணன் துபாய்ல கடை கல்லாவுல உக்காந்திருந்தாலும் ஃபாரின்தான். இஞ்சினியரிங் முடிச்சிட்டு டெக்சாஸ்ல என்னைய மாதிரி பொட்டி தட்டினாலும் அதேதான். கல்யாணத் தரகர் மட்டும் கொஞ்சம் விவரமா "ஹெச்-1பியா, கிரீன் கார்டா?"ன்னு கேப்பாரு. அது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும் :-)

2020 மார்ச்சுல அந்த ஒத்த வார்த்தை சுக்குநூறாப் போச்சு. ஒரே ஊர்ல, ஒரே தெருவுல, ஒரே காலேஜ்ல இருந்து போன ஆளுங்க திடீர்னு வேற வேற ஜாதி ஆயிட்டாய்ங்க. ஒருத்தன் திரும்பிப் போகலாம், ஒருத்தன் போகக் கூடாது. ஒருத்தன் ஊருக்கு வரலாம், அவன் பெத்த பிள்ளை வரக் கூடாது. இதை எல்லாம் முடிவு பண்ணினது டெஸ்ட் ரிசல்ட்டா? ரொம்ப நாளைக்குக் கிடையாது. ஊசியா? அது வந்ததே கடைசியிலதான். பாஸ்போர்ட்டுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல எந்த எழுத்து இருந்துச்சுங்கறதுதான் பெரும்பாலும் முடிவு பண்ணுச்சு. இது அபத்தம்னு அப்பவே தோணுச்சு. அஞ்சாறு வருசம் கழிச்சு அந்த உத்தரவுகளை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து நிதானமாப் படிச்சுப் பாத்த பிறகும் என் அபிப்ராயம் மாறலை.

வெளிநாடே போகாதவங்களுக்கு இது புரியணும்னா இ-பாஸை நினைச்சுக்கங்க. (கொசுவர்த்தியைச் சுத்திக்கங்க.) 2020 ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் முடியற வரைக்கும் தமிழ்நாட்டுல மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேணும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவுல அறுபத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம். கொடைரோடு தாண்டினா மதுரை மாவட்டம் வந்துரும். வீடு இங்க, வேலை அங்கன்னு தினம் ஓடிட்டிருந்த எத்தனையோ பேரு அப்படியே நின்னு போனாங்க. விண்ணப்பத்துல காரணம்னு கேட்டா கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி இந்த மாதிரிதான் இருக்கும். "எங்க அம்மா அங்க தனியா இருக்காங்க"ங்கறதுக்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால நம்ம ஆளுங்க நல்லா திடகாத்திரமா இருந்த பெரியப்பா, ஒண்ணுவிட்ட தாத்தா எல்லாரையும் ஆன்லைன்ல சாகடிச்சாய்ங்க. அந்தக் கட்டத்தை உலக அளவுக்குப் பெருசாக்கினா அதுதான் விசா வகை.

முதல்ல நம்ம வீட்டு லட்சணத்தைப் பாப்போம். அடுத்தவனைத் திட்டறதுக்கு முன்னாடி அதுதான் மரியாதை.

2020 மார்ச் 11-ம் தேதி இந்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. ஏற்கெனவே குடுத்திருந்த விசாக்கள் எல்லாம் ஏப்ரல் 15 வரைக்கும் நிறுத்தி வைக்கப்படுது. விதிவிலக்கு யாருக்குன்னா தூதரக விசா, அரசு அலுவல் விசா, ஐ.நா. மாதிரி சர்வதேச அமைப்புகள், வேலை விசா, ப்ராஜெக்ட் விசா. அதே உத்தரவுல ஓசிஐ அட்டைக்காரங்களோட விசா இல்லாம வர்ற வசதியும் நிறுத்தி வைக்கப்பட்டுச்சு. ஓசிஐன்னா தெரியும்ல, இந்திய வம்சாவளி ஆளுங்க வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின பிறகு இங்க வந்து போக நாம குடுக்கற அட்டை. 'ஆயுட்கால விசா'ன்னு பேரு. ஆயுசு கெட்டியா இருந்தும் விசா படுத்துருச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு ஜெர்மன்காரர் வேலை விசாவுல சென்னைக்கு வர்றார்னா உத்தரவுப்படி அவருக்குத் தடை இல்ல. திண்டுக்கல்ல பொறந்து, இங்கயே பத்தாவது படிச்சு, இப்ப அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்ட ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்கற அப்பாவைப் பாக்க வரணும்னா தடை. ரெண்டு பேர் மூக்குலயும் ஒரே வைரஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பத்தி உத்தரவுல இந்த இடத்துல பேச்சே இல்ல. (மார்ச் 22-ல இருந்து சர்வதேச விமானமே நின்னு போனதால இந்த வித்தியாசம் கொஞ்ச நாளைக்குக் காகிதத்துலயே இருந்துச்சு. அது வேற விஷயம். வழக்கமான சர்வதேச விமானங்கள் திரும்ப ஓட ஆரம்பிச்சது 2022 மார்ச் 27.)

மே 7-ம் தேதி வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பிச்சப்பதான் நிஜக் கூத்து. அமெரிக்காவுல ஹெச்-1பியில இருக்கற ஆளுக்கு வேலை போச்சுன்னா வேற வேலை தேடவோ கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வேலை போன ஜோடி ஒண்ணு, கையில ஒரு வயசுப் பிள்ளை. அப்பா அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட், அதனால விமானத்துல இடம் உண்டு. பிள்ளை அங்க பொறந்ததால அமெரிக்க பாஸ்போர்ட். விசாவும் ஓசிஐயும் முடக்கம், அதனால இடம் கிடையாது. விமான நிலையம் வரைக்கும் போய்த் திரும்பினவங்க கதை அந்த மே மாசம் பத்திரிகைகள்ல வந்துச்சு. தாய்ப்பால் குடிக்கற குழந்தைய விட்டுட்டு நீங்க மட்டும் வாங்கன்னு எந்த அதிகாரியும் மனசறிஞ்சு சொல்லியிருக்க மாட்டாரு. உத்தரவு எழுதினவங்களுக்கு இப்படி ஒரு குடும்பம் உலகத்துல இருக்கும்னே தோணலை, அவ்வளவுதான். பொட்டி தட்டறவன் பாஷையில சொன்னா எட்ஜ் கேஸ். ஆனா அமெரிக்காவுல இருக்கற இளம் இந்தியக் குடும்பங்கள்ல இது எட்ஜ் கேஸே கிடையாது, வீட்டுக்கு வீடு உள்ள கேஸ்.

மே 22-ம் தேதி தளர்த்தினாங்க. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டுல பொறந்து ஓசிஐ அட்டை வச்சிருக்கற சின்னப் பிள்ளைங்க, குடும்பத்துல சாவு மாதிரி அவசரம் உள்ளவங்க, இப்படி நாலு வகை ஓசிஐக்காரங்களுக்கு அனுமதி. ஓசிஐக்கு முழுசா கதவு திறந்தது அக்டோபர் கடைசியில. அப்பவும் சுற்றுலா விசாவுக்குக் கிடையாது. அவங்க வழக்கமான விமானத்துல வர 2021 நவம்பர் 15 வரைக்கும் காத்திருக்கணும். சுற்றுலாவுக்குக் கடைசி இடம் குடுத்தது நியாயம்தான், நான் அதைக் குறை சொல்லலை. ஆனா நம்ம ஊர்ல கட்டிக்குடுத்த பொண்ணோட வெள்ளைக்கார மாமியாரும் சுற்றுலா விசாதான்ங்கறதையும் சொல்லிக்கறேன்.

இனி அமெரிக்கா. இதுல ஒரு சின்ன விளக்கம் அவசியம், ஏன்னா ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. உள்ள இருக்கறதுக்கான அனுமதி வேற, உள்ள நுழையறதுக்கான விசா வேற. தியேட்டர்ல இடைவேளைக்கு வெளிய போனா பாதி டிக்கெட் கையில இருக்கணும் இல்லையா, அது மாதிரி. உள்ள சீட்டுல உக்காந்திருக்கற வரைக்கும் எவனும் டிக்கெட் கேக்க மாட்டான். ஹெச்-1பி நீட்டிப்பு அங்கயே கிடைச்சிரும். ஆனா பாஸ்போர்ட்டுல உள்ள ஸ்டாம்ப் காலாவதி ஆயிருந்தா, ஊருக்கு வந்தவன் சென்னைத் தூதரகத்துல புது ஸ்டாம்ப் வாங்கினாத்தான் திரும்ப நுழைய முடியும். கல்யாணத்துக்கு மூணு வாரம் லீவு போட்டு வர்றவன் எல்லாம் நடுவுல ஒரு நாள் சென்னைக்கு ஓடுவானே, அது இதுக்குத்தான்.

2020 மார்ச் நடுவுல தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்திட்டாங்க. பாதி டிக்கெட் குடுக்கற கவுண்டர் மூடியாச்சு. சரி, திறப்பாங்கன்னு காத்திருந்தா, ஜூன் 22-ம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு ஹெச்-1பி, எல்-1, அவங்களைச் சார்ந்த ஹெச்-4, எல்-2, இன்னும் சில வகைகளை நிறுத்துச்சு. அது அமலுக்கு வந்த 24-ம் தேதி நாட்டுக்கு வெளிய இருந்து, கையில செல்லுபடியாகற விசா இல்லாதவங்களுக்குக் கதவு அடைப்பு. முதல்ல டிசம்பர் 31 வரைக்கும்னாங்க. அப்புறம் 2021 மார்ச் 31 வரைக்கும். இதுல ஒரு நேர்மையைப் பாராட்டணும். அந்த அறிவிப்போட தலைப்பே வைரஸைக் காரணமாச் சொல்லலை, அமெரிக்க வேலைச் சந்தைக்கு ஆபத்துன்னுதான் சொல்லுச்சு. கொரோனா சாக்கு, குறி வேற. ஆகஸ்ட்ல சில விதிவிலக்குகள் சொன்னாங்க, அதே கம்பெனியில அதே வேலைக்குத் திரும்பறவங்க வரலாம்னு. ஆனா ஸ்டாம்ப் அடிக்கறதுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணுமே?

சீனியர் ஒருத்தர் பிப்ரவரியில பொண்ணு பாக்க வந்தாரு. அங்க வாடகை வீடு, கார் லோன், ஃப்ரிட்ஜ்ல பாதி சாப்பிட்ட புளியோதரைப் பேஸ்ட். ஒரு வருசத்துக்கு மேல திண்டுக்கல் மாடி ரூம்ல உக்காந்து ராத்திரி பூரா அமெரிக்க நேரத்துல ஆணி புடுங்கினாரு. காரை நண்பன் ஒருத்தன் வித்துக் குடுத்தான். இதுல இன்னொரு வேடிக்கை, அவரு கூட அதே டீம்ல அதே ஹெச்-1பியில இருந்த ஆந்திராக்காரருக்கு ஸ்டாம்ப் இன்னும் ரெண்டு வருசம் பாக்கி இருந்துச்சு. அவரு ஜூலையில ஜம்முன்னு கிளம்பிப் போயிட்டாரு. ரெண்டு பேரும் பொறந்த நாடு ஒண்ணு, செய்யற வேலை ஒண்ணு. ஒரு தேதிதான் வித்தியாசம்.

ஆனா என்னை உண்மையிலேயே கோவப்படுத்தினது இது இல்ல. 2021.

அந்த ஏப்ரல், மே யாருக்கும் மறக்காது. இந்தியாவுல ரெண்டாவது அலை. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனம் அலைஞ்ச நேரம். ஏப்ரல் 30-ம் தேதி பைடன் ஒரு அறிவிப்பு போட்டாரு, மே 4-ல இருந்து அமல். கடைசி 14 நாள் இந்தியாவுல இருந்தவங்க குடியேற்றம் அல்லாத விசாவுல அமெரிக்காவுக்குள்ள வரக் கூடாது. இந்தத் தடவை பாதி டிக்கெட் கையில இருந்தாலும் கிடையாது. ஆனா குடிமக்கள் வரலாம். கிரீன் கார்டு வரலாம். ஆகஸ்ட் 1-க்கு மேல வகுப்பு ஆரம்பிக்கற மாணவர்கள் வரலாம். இருபத்தோரு வயசுக்குக் கீழ, கல்யாணமாகாத அமெரிக்கக் குடிமகப் பிள்ளை இருந்தா, அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா வரலாம்.

கவனிச்சீங்களா? போன வருசம் எந்தப் பிள்ளையால இந்தியாவுக்கு வர முடியாமப் போச்சோ, அதே பிள்ளைதான் இந்த வருசம் அமெரிக்காவுக்குத் திரும்பற சாவி. பிள்ளை இல்லாத ஹெச்-1பி ஜோடிக்குச் சாவி கிடையாது. ஒரு நாட்டுல முட்டுக்கட்டை, இன்னொரு நாட்டுல அனுமதிச் சீட்டு. அதுக்கு இன்னும் நடக்கக்கூடத் தெரியாது!

எங்க தெருவுல ஒரு குடும்பம். ரெண்டு பசங்களும் அமெரிக்கா. மூத்தவர் போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் ஹெச்-1பிதான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுங்கற உச்சவரம்பால இந்தியாவுல பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு வரிசை எப்படி ஊர்ந்து போகும்னு உங்கள்ல பலருக்குச் சொந்த அனுபவமே இருக்கும். சின்னவர் பிந்திப் போனவர். ஆனா அங்கயே குடியுரிமை உள்ள பொண்ணைக் கட்டிக்கிட்டதால கிரீன் கார்டு சீக்கிரம் கிடைச்சது. 2021 மே மாசம் அந்த அம்மா மாரடைப்புல தவறிட்டாங்க. மூத்தவர் இந்தியா வர்றதுக்கு எந்தத் தடையும் இல்ல, இந்தியக் குடிமகன்தானே. வந்தா எப்பத் திரும்பலாம்னுதான் யாருக்கும் தெரியாது. அறிவிப்புல முடிவுத் தேதியே கிடையாது. ஆபீஸ்ல கேட்டா, சில வாரத்துக்கு மேல இந்தியாவுல இருந்து வேலை பாக்க விட முடியாதுன்னுட்டாங்க. அந்த வேலைதான் அவரோட விசா, அந்த விசாதான் அவர் மனைவியோட விசா. குழந்தை இல்ல.

ரெண்டு நாள் ஃப்ரீசர் பெட்டியில வச்சிருந்தாங்க. சின்னவர் சென்னையில இறங்கி, ஊரடங்குக்கு நடுவுல கார் பிடிச்சு வந்து சேர்ந்தாரு. இருபது பேருக்கு மேல கூடக் கூடாது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் வாட்ஸ்அப் வீடியோவுல இருந்தாரு. ஃபோனைப் பிடிச்சிருந்தவன் கை நடுங்கினதால படம் ஆடுதுன்னு அங்க இருந்து சொல்லிட்டே இருந்தாராம். காரியம் முடிச்சு மூணு வாரத்துல சின்னவர் டெஸ்ட் எடுத்துட்டு டல்லாஸ் போய் இறங்கிட்டாரு. வைரஸ் பரவும்ங்கறதுதான் காரணம்னா, சாவு வீட்டுல அத்தனை பேரோட மூணு வாரம் இருந்துட்டுப் போன சின்னவரை உள்ள விட்டது எப்படி? ரெண்டு பேருக்கும் ஒரே ஊசி, ஒரே ஊர், ஒரே அம்மா.

அவசியம் போயே ஆகணும்னு நின்ன ஹெச்-1பிக்காரங்க என்ன பண்ணாங்கன்னா, மெக்சிகோ மாதிரி ஒரு நாட்டுல போய் 14 நாள் தங்கிட்டு அங்க இருந்து உள்ள போனாங்க. சட்டப்படி சரி. மருத்துவப்படி? ரெண்டு கூடுதல் விமானம், ஒரு ஓட்டல், ரெண்டு வாரம் புது ஊர்ல சாப்பாட்டுக்கு அலைச்சல். வைரஸுக்கு இதைவிட நல்ல டூர் பேக்கேஜ் கிடைக்குமா என்ன? இந்த ஏற்பாடு நவம்பர் 8 வரைக்கும் ஓடுச்சு. அன்னைக்குத்தான் ஊசி போட்டிருக்கியாங்கற கேள்வி விசா எழுத்தோட இடத்துக்கு வந்தது. வந்திருக்க வேண்டிய கேள்வி ஆறு மாசம் லேட்.

ஆஸ்திரேலியா இன்னும் மோசம். 2020 மார்ச் 20-ம் தேதி குடிமக்கள், நிரந்தர வதிவிடம் உள்ளவங்க, அவங்க நெருங்கிய குடும்பம் தவிர எல்லாருக்கும் பூட்டு. மாணவர், தற்காலிக வேலை விசாக்காரங்களுக்கு அது முழுசாத் திறந்தது 2021 டிசம்பர் 15. இருபத்தோரு மாசம்! லீவுக்கு ஊருக்கு வந்தவன் பாதிப் படிப்பைத் திண்டுக்கல் வீட்டுல லேப்டாப்ல முடிச்சான். படிப்பு முடிச்சவங்களுக்குக் குடுக்கற 485 விசா, ஆள் நாட்டுக்கு வெளிய மாட்டிக்கிட்டு இருக்கறப்பவே நாள் எண்ணிக்கிட்டுக் காலாவதி ஆச்சு. அதுக்குப் பதில் விசா குடுக்கற ஏற்பாடு 2022 ஜூலையிலதான் வந்தது. பெத்தவங்களை 'நெருங்கிய குடும்பம்'னு ஒத்துக்கிட்டதே 2021 நவம்பர்ல. நம்ம ஊர்ல யார்கிட்டயாவது போய் அப்பா அம்மா நெருங்கிய குடும்பம் கிடையாதுன்னு சொல்லிப் பாருங்க, கம்பு வரும்.

அங்க குடியுரிமை வச்சிருந்தவங்களும் 2021 மே மாசம் ஒரு பாடம் படிச்சாங்க. மே 3-ல இருந்து 15 வரைக்கும், இந்தியாவுல இருந்து வர்ற சொந்தக் குடிமக்களுக்கே தடை. மீறினா 66,600 டாலர் வரைக்கும் அபராதம், இல்ல அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அமெரிக்கா, பிரிட்டன்ல நோய் உச்சத்துல இருந்தப்ப இப்படி ஒரு தண்டனை அறிவிப்பு வரலைங்கறதை அப்பவே அந்த நாட்டுலயே பல பேரு சுட்டிக்காட்டினாங்க. இதுல உள்குத்து எதுவும் இல்ல, நேர்குத்துதான்.

சரி, ஹெச்-1பி, 485ன்னு படிச்சவன் புலம்பலாவே போகுது. எங்க மாவட்டத்துக் கிராமங்கள்ல இருந்து நிறையப் பேர் போறது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும்தான். திருச்சி ஏர்போர்ட்ல ராத்திரி நின்னு பாத்தா தெரியும்.

அமீரகம் 2021 ஏப்ரல் 24 நள்ளிரவோட இந்தியாவுல இருந்து வர்றவங்களை நிறுத்துச்சு. விதிவிலக்கு யாருக்கு? குடிமக்கள், தூதரகத்தார், அப்புறம் கோல்டன் விசாக்காரங்க. அந்தக் கோல்டன் விசா பெரிய முதலீட்டாளர், பெரிய படிப்பாளின்னு பாத்துக் குடுக்கறது. சாதாரண ரெசிடென்ஸ் விசாவுல பதினஞ்சு வருசமா அங்க கடையில நிக்கறவர், லீவுக்கு வந்து மூணு மாசத்துக்கு மேல இங்க மாட்டிக்கிட்டாரு. ஆகஸ்ட் 5-ல இருந்து திறந்தப்பவும் பொதுவா அமீரகத்துலயே ரெண்டு ஊசியும் போட்டவங்களுக்குத்தான் முதல்ல. ஊர்ல போட்ட ஊசி கணக்குல வரலை.

சவூதி அதுக்கு முன்னாடியே, 2021 பிப்ரவரியில, நேரடியா வர்றதை நிறுத்தியாச்சு. வேற நாட்டுல 14 நாள் தங்கிட்டு வரணும். நம்ம ஆளுங்க நேபாளம் போனாங்க. ஏப்ரல் கடைசியில நேபாளமும் 'எங்க ஊரைத் தங்கல் மடமா ஆக்காதீங்க'ன்னு கதவைச் சாத்துச்சு. கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டின ஆளு காத்மாண்டுவுல ஒரு லாட்ஜ்ல. இந்தியாவுல இருந்து நேரடியாப் போற வழி எல்லாருக்கும் திறந்தது டிசம்பர் 1. மெக்சிகோவுல 14 நாள் தங்கின சாஃப்ட்வேர்காரனுக்கு அது பேங்க் பேலன்ஸ்ல ஒரு பள்ளம். இவருக்கு அது ரெண்டு வருச வட்டி.

இதுக்கு மேல ஊசி வகைன்னு ஒரு உபஜாதி. முகாம்ல அன்னைக்கு எது இருந்துச்சோ அதைப் போட்டுக்கிட்டு வந்தாங்க நம்ம சனங்க. கோவாக்சின் போட்டவங்க 2021 நவம்பர் 3-ல உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் குடுக்கற வரைக்கும் பல நாடுகளுக்கு ஊசியே போடாதவங்க கணக்கு.

சிங்கப்பூர் 2021 ஏப்ரல் 23 நள்ளிரவு முதல் இந்தியாவுல இருந்து வர்ற நீண்டகாலப் பாஸ்காரங்களை நிறுத்துச்சு. குடிமக்களும் பிஆரும் தனிமைப்படுத்தலோட வரலாம். மத்தவங்களுக்குத் திறந்தது அக்டோபர் கடைசியில. அங்க வொர்க் பெர்மிட்ல டார்மெட்டரியில இருந்தவங்க நிலைமை தனிக்கதை. வர முடியாதது மட்டும் இல்ல, 2020 ஏப்ரல்ல இருந்து வாசலைத் தாண்டறதுக்கே அனுமதி கேட்டாங்க. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர் அதே நேரத்துல மாஸ்க் போட்டுக்கிட்டுப் பூங்காவுல ஓடிட்டிருந்தாரு.

"தம்பி, ஒரு நாடு முதல்ல அதோட சொந்த ஜனத்தைத்தானே பாக்கும்? இருக்கறது கொஞ்சம் குவாரன்டைன் ரூம், யாருக்குக் குடுக்கறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. குடிமகனுக்கு முதல் இடம், ஒத்துக்கறேன். அவனுக்குப் போக வேற நாடு கிடையாது. என் சண்டை ரெண்டாவது இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. இடத்தை வரிசைப்படுத்தறப்ப பாக்க வேண்டியது "இந்த ஆளோட வீடு எங்க இருக்கு?"ங்கறது. பார்க்கப்பட்டது "இந்த ஆளோட சீட்டுல என்ன எழுத்து?"ங்கறது. பத்து வருசமா வாடகையும் வரியும் கட்டிக்கிட்டு ஒரு ஊர்ல இருக்கறவனையும், நேத்து ஃபோட்டோ எடுக்க வந்தவனையும் 'குடியேற்றம் அல்லாதவர்'னு ஒரே டப்பாவுல போட்டா, டேபிள்ல ப்ரைமரி கீயே தப்பா எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல எத்தனை இஃப்-எல்ஸ் எழுதினாலும் அவுட்புட் உருப்படாது.

வேற மாதிரி செய்ய முடியாதாங்கறவங்களுக்குப் பிரிட்டனைக் காட்டுவேன். (பிரிட்டனை நான் புகழற நாள் வரும்னு நினைக்கலை.) அவங்களும் அதே ரெண்டாவது அலையில, ஏப்ரல் 23-ல இருந்து இந்தியாவைச் சிவப்புப் பட்டியல்ல போட்டாங்க. ஆனா கோடு போட்ட இடம் வேற. பிரிட்டன், அயர்லாந்து குடிமக்களோட, அங்க வசிக்க உரிமை உள்ளவங்க எல்லாரும் வரலாம். மாணவர், வேலை விசாக்காரர் எல்லாம் அதுல அடக்கம். ஆனா பத்து நாள் அரசாங்கம் சொல்ற ஓட்டல்ல இருக்கணும், ஆளுக்கு 1,750 பவுண்டு சொந்தச் செலவு. கொள்ளைக் காசுதான், மாணவர்கள் அழுதாங்க. ஆனாலும் வைரஸுக்கு எதிரான நடவடிக்கை வைரஸ் மேலயே இருந்துச்சு. மூத்தவருக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தா, கடன் வாங்கியாவது வந்து கொள்ளி வச்சிட்டுப் போயிருப்பாரு.

அப்புறம் ஏன் மத்தவங்க எழுத்தைப் பிடிச்சுத் தொங்கினாங்க? என் ஊகம் ரொம்பச் சாதாரணம். செக்-இன் கவுண்டர்ல நிக்கற பொண்ணால பத்து செகண்டுல சரிபார்க்க முடிஞ்சது அது ஒண்ணுதான். பாஸ்போர்ட்டைத் திருப்பினா எழுத்து தெரியும், சிஸ்டத்துல தட்டினா சிவப்பு இல்ல பச்சை. "வீடு எங்க"ன்னு கேட்டா வாடகைப் பத்திரம், கரன்ட் பில், வரி ரசீதுன்னு பாக்கணும். யாரு பாக்கறது? அளக்கச் சுலபமானதை அளந்துட்டு, அதுதான் ஆபத்துன்னு பேரு வச்சாச்சு. எங்க ஆபீஸ்லயும் இதே கதை நடக்கும், ஆனா அங்க யாரும் சாகறதில்ல.

கொரோனா போயிருச்சே, இப்ப எதுக்கு இந்தப் பழைய பஞ்சாங்கம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. 2020 ஜூன் அறிவிப்பு, 2021 ஏப்ரல் அறிவிப்பு ரெண்டுமே அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துல 212(எஃப்)னு ஒரு பிரிவை வச்சுப் போட்டது. யாரை வேணும்னாலும் வகை வகையா நிறுத்தலாம்னு அதிபருக்கு அதிகாரம் குடுக்கற பிரிவு. 2025 செப்டம்பர் 19-ம் தேதி டிரம்ப் ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு போட்டாரே, அதுவும் அதே பிரிவுதான். அந்த வார இறுதியில ஊருக்குக் கிளம்ப விமானத்துல ஏறி உக்காந்தவங்க எந்திரிச்சு இறங்கின வீடியோ பாத்திருப்பீங்க. திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பையன் தாம்பூலப் பை வாங்காம ராத்திரியோட ராத்திரியா சென்னைக்குக் கார் ஏறினான். புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா இருக்கறவங்களுக்கு இல்லைன்னு விளக்கம் வந்தது மறுநாள். அவன் அதுக்குள்ள விமானத்துல ஏறியாச்சு.

அதனால மாப்பிள்ளை பாக்கறவங்களுக்கு, பிள்ளைய அனுப்பறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க, வேண்டாங்கலை. கூடவே, "அவசரம்னா வந்துட்டு உடனே திரும்ப முடியுமா? ஸ்டாம்ப் எந்தத் தேதி வரைக்கும்? வேலை போனா எத்தனை நாள் இருக்கலாம்? பிள்ளைக்கு எந்த பாஸ்போர்ட், ஓசிஐ எடுத்தாச்சா?"ன்னும் கேளுங்க. ஜாதகம் பத்துப் பொருத்தத்துக்கு அப்புறம் இதுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினா தப்பில்ல.

பி.கு.: குவைத், மலேசியா, நியூசிலாந்து பக்கம் இதே மாதிரி மாட்டினவங்க உங்க பக்கத்துல எழுதுங்கப்பா. எந்த விசா, எத்தனை மாசம், எப்படித் திரும்பினீங்கன்னு தேதியோட எழுதுங்க. தேதி முக்கியம், ஒரு நாள் வித்தியாசத்துல ஒருத்தர் உள்ளயும் ஒருத்தர் வெளியவும் நின்ன காலம் அது.